தொடைப்பக்கத் தையல்

இயேசு மரி சூசை துணை

சைகோன், கான் ஹொய்
12 ஆகஸ்டு 1953

அன்பு மகன் ஜூலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், வடக்கே பிரெஞ்சுப் பட்டாளத்தோடு மழையிலும் சேற்றிலும் நடக்கிற உன் சுகத்தைத்தான் தினமும் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது, தங்கை இவோன் பரீட்சையில் தேறிவிட்டாள்.

பத்து நாளாக எனக்குத்தான் வேலையில் கை ஓடவில்லை. உன் பட்டாளத்து அகுஸ்தேன் இங்கே ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன், குண்டுக் காயம் என்றுதான் நினைத்தேன். இரண்டு தொடையிலும் உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சீழ் பிடித்திருந்தது. நனைந்த கால்சராய் உரசி உரசி, மூன்றாம் நாள் நடக்க முடியாமல் பின்தங்கிவிட்டானாம். “நாலு பேர் திரும்பி வந்து தூக்கினாங்க மாமா, அதுல ஒருத்தன் சுடுபட்டு அங்கேயே செத்துட்டான்” என்று அழுதான். கட்டிலடியில் கிடந்த அந்தக் கால்சராயை எடுத்துப் புரட்டினேன், நான் தைத்தது ஜூல். நம் கடை முதலாளி தாஜுதீன் பாய் பட்டாளத்து உருப்படிகளுக்கு அவசரப்படுத்தினபோது தொடைப்பக்கத் தையலை மடித்துத் தட்டையாக அடிக்காமல் ஒற்றைத் தையலோடு தள்ளிவிட்டேன். கயிறுபோலத் தடித்து நிற்கும் என்று தெரிந்தேதான் செய்தேன், உனக்கென்றால் அப்படித் தைத்திருப்பேனா?

பாயிடம் சொன்னேன், “போனது போச்சு ரேமோன், வாயைத் தொறக்காத” என்றார். கிடங்கில் மிச்சமிருந்த எழுபது உருப்படியையும் வீட்டுக்குத் தூக்கிவந்து நானும் அம்மாவும் பிரித்துத் தைக்கிறோம். அகுஸ்தேனிடம் மட்டும் சொல்லவில்லை. இரண்டு தரம் சூப் கொண்டுபோனேன், “உங்க கையால குடிச்சா தெம்பா இருக்கு மாமா” என்கிறான்.

உன்னுடையதை உடனே பார். தையல் தடித்திருந்தால் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொள், சிரிக்கிறவன் சிரிக்கட்டும். நடக்குமுன் தொடையில் தேங்காயெண்ணெய் தடவு. ஈரத்தோலில் பவுடர் போடாதே, களியாகி இன்னும் அறுக்கும். இரவில் துடைத்து உலரவிட்டுப் படு. சிவந்ததுமே வைத்தியரிடம் காட்டு, அகுஸ்தேன் வெட்கப்பட்டு மறைத்துத்தான் இவ்வளவு ஆயிற்று. மெல்லிய பருத்தியில் ஆறு உள்காற்சட்டை அனுப்பியிருக்கிறேன், கூட இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு.

இதைத் தபாலில் போட்டுவிட்டு அகுஸ்தேனிடம் போகிறேன். உனக்கு எழுதிவிட்டால் அப்புறம் அவனிடம் மறைக்க முடியாது என்றுதான் முதலில் உனக்கு எழுதினேன்.

மாதா உன்னை நிழல்போல் காக்கட்டும், அம்மா உன் நெற்றியில் சிலுவை வரைவதாக எழுதச் சொன்னாள். செத்துப்போன பிள்ளையின் பெயரை மறக்காமல் எழுது, பூசைக்குக் கொடுக்க வேண்டும். அகுஸ்தேனிடம் அதைக் கேட்க எனக்குத் துணிவில்லை.

உன் அப்பா,
ரேமோன்