சரிபார்க்காதே என்று ஒரு வரி

மார்ச் 4, திங்கள்

பதினோரு வருடம் வீட்டிலிருந்துவிட்டு வந்த வேலை. சோதனைக் காலம் வெள்ளியோடு முடிகிறது. புது மடிக்கணினியில் நிரல் எழுதும் பைத்தான் மொழியை நிறுவினேன். ஆய்வகத்து சர்வரிலிருந்து நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளை எடுத்து வர வேண்டும், அவ்வளவுதான். சிவப்பு எழுத்தில் பிழை: சர்வரின் அடையாளச் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை. பிரவுசரில் அதே முகவரி சமர்த்தாகத் திறக்கிறது. என்னிடம் மட்டும் ஏன் இந்த வீம்பு?

மார்ச் 5

அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். மூன்று முறை. அதே பிழை. கழிப்பறையில் போய் அழுதேன்.

மார்ச் 6

பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "ஐயோ அக்கா, இதுக்கா மூணு நாளா மண்டைய உடைச்சுக்கிறீங்க? சரிபார்க்காதேன்னு ஒரு வரி போடுங்க, முடிஞ்சுது."

போட்டேன். ஓடியது. மேலாளர் வந்து பார்த்து, "பரவால்லையே!" என்றார். சிரித்து வைத்தேன்.

ஆனால் அந்த வரிக்கு என்ன அர்த்தம்? எதிரில் இருப்பது ஆய்வகம்தானா என்று கேட்காமலே கதவைத் திறந்துவிடுகிறது. நடுவில் எவனாவது உட்கார்ந்து அத்தனை பேர் நோயையும் படிக்கலாம்.

மார்ச் 7

வரியை எடுத்தேன். பிழை திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. நாளைக்கு எதைக் காட்டுவேன்? உனக்கெதுக்குடி இந்த வேலையெல்லாம்?

சாயங்காலம் வீட்டில் ஐந்தாம் முறை நிறுவினேன். வீட்டுக்காரர் மருந்துக்கடைக்காரர், தைல டப்பாவைக்கூட முழுசாகப் படிப்பவர். நிறுவி முடிந்ததும் திரையில் வந்த கடைசி ஜன்னலை மூடப் போனேன். "இரு, இரு! எங்க ஓடுற? அதுல என்னமோ எழுதியிருக்கே."

யாரை நம்பலாம் என்று சொல்லும் சான்றிதழ்களைத் தனியாக நிறுவ வேண்டுமாம். அதற்கான கோப்பு அங்கேயே இருக்கிறதாம், ஒருமுறை இயக்கினால் போதுமாம். நாலு முறையும் படிக்காமல் மூடித் தொலைத்திருக்கிறேன்!

ரெண்டே கிளிக். சரிபார்த்தே ஓடியது. அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். "நான் என்னடி பண்ணேன்?" என்றார்.

மார்ச் 8

மேலாளரிடம் சொல்லிவிட்டேன், புதன்கிழமை ஓடியது எப்படி என்று.

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே?"

"தெரிஞ்சிருக்காது சார்."

"சரி. திங்கக்கிழமை பேசலாம்."

போச்சு.

மார்ச் 9

வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல?

மார்ச் 11, திங்கள்

வேலை உறுதி. எல்லோருடைய நிரலையும் ஒருமுறை பார்த்துத் தரச் சொல்லியிருக்கிறார் மேலாளர். பக்கத்து சீட்டுப் பெண் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, முதல்ல என்னோடத பாருங்க. அந்த வரி அதுல ரெண்டு வருஷமா இருக்கு."