பாதி வாளிக்கு நிற்கணும்

நேற்று விரலில் ஏறிய கிரீஸ் வாசனை இன்னும் போகவில்லை. பாத்திரம் தேய்க்கும் பவுடர் போட்டுப் பார்த்தேன், எலுமிச்சைத் தோலால் தேய்த்துப் பார்த்தேன். காலையில் காபி டம்ளரைத் தூக்கினால் காபிக்கு முன்னால் அதுதான் மூக்கில் ஏறுகிறது. உங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமையின் வாசனை. எனக்குப் பயத்தின் வாசனை.

கோவளத்தில், கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் நிழலில் உட்கார்ந்து போனில் ஒற்றை விரலால் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் "நான் கரையில நின்னு என்ன பண்ணப் போறேன்" என்று மறுத்தவள், இன்று நானாக வந்திருக்கிறேன். நித்யா கடலுக்குப் போயிருக்கிறாள். உங்கள் மகள், உங்கள் தூண்டில் ரீலோடு. பதினொரு மணிக்குள் திரும்பிவிடுவோம் என்றாள். பதினொன்று எப்போதோ தாண்டிவிட்டது. போன் போகவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும், நீங்கள் இருந்தால் சிரித்திருப்பீர்கள், அதனால் உங்களிடமே சொல்கிறேன்.

அந்த ரீல் நம் வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? யாரோ விற்றதை வாங்கி வந்து, பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல் துண்டைப் பிரித்துக் காட்டினீர்கள். மறைமலை நகர் ஃபாக்டரியில் அத்தனை பேரை மேய்க்கிற உங்களுக்கு ஒரு சின்ன திருகாணியைப் பிடிக்க வராது. நானோ மேற்குத் தாம்பரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளோடு மல்லுக்கட்டுகிறவள். "இது உன் டிபார்ட்மென்ட்" என்று என் முன்னால் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள்.

ரீலின் பக்கத்தில் ஒரு நெம்புகோல். பின்னால் இழுத்தால் நூல் தாராளமாக ஓடும். முன்னால் தள்ளத் தள்ள உள்ளே ஒரு தட்டு இன்னொரு தட்டை அழுத்தும். பெரிய மீன் இழுத்தால் நூல் அறுந்துவிடாமல், முரண்டு பிடித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அதற்குப் பெயர் டிராக் என்றீர்கள். அந்த இறுக்கம் எதுவரை போகலாம் என்பதற்கு நெம்புகோலின் பக்கத்திலேயே ஒரு சின்னக் குமிழ். அதைத் திருப்பி வைத்துவிட்டால் நெம்புகோலை எவ்வளவு தள்ளினாலும் அதற்கு மேல் இறுகாது. எனக்கு அந்தக் குமிழ்தான் பிடித்தது.

கழற்றிய பாகங்களை வரிசை மாறாமல் வைக்கப் பழைய இட்லித் தட்டை எடுத்தேன். முதல் குழியில் முதலில் கழன்றது, அடுத்ததில் அடுத்தது. மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வர வேண்டும். "இட்லி வேகுதா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பீர்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் ஜோக்குக்கு நீங்கள் மட்டுமே சிரிப்பீர்கள்.

நான் அக்கா வீட்டுக்குச் செங்கல்பட்டு போயிருந்த அந்த வாரம் நீங்களே கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு கடலுக்குப் போனீர்கள். உள்ளே இரண்டு குட்டி வில் வாஷர்கள் உண்டு, கிண்ணம்போல் குழிந்தவை. ஒன்றின் முதுகு மற்றதன் முதுகோடு சேர வேண்டும். நீங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "நீதானே கிண்ணத்தை எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடுக்கி வைன்னு கத்துவ?" என்றீர்கள். அப்படி அடுக்கினால் வில்லுக்கு நெகிழ்வே இருக்காது. நெம்புகோலைத் தள்ளும்போது முதலில் ஒன்றுமே பிடிக்காது, பிறகு மயிரிழை தள்ளினாலும் ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும். ஆள் நீளத்துக்கு மயில் மீன் ஒன்று கடித்து இழுத்தபோது ரீல் விட்டுக்கொடுக்கவில்லை. ரீலோ உங்கள் இடுப்பு வாரில் கொக்கி போட்டு மாட்டியிருந்தது. படகு விளிம்பில் உங்கள் முட்டி இடித்து, பாதி உடம்பு வெளியே போன பிறகுதான் படகோட்டி சேகர் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். நல்லவேளை, நூல் அறுந்தது.

இதை நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே, ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, வேடிக்கையாகச் சொன்னீர்கள். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் வாளி. நம் சேலையூர் வீட்டு மாடி பால்கனியில் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நிற்க, நூலின் நுனியில் நான் தண்ணீர் வாளியைக் கட்டி வெளியே தொங்கவிடுவேன். நெம்புகோலை முழுக்கத் தள்ளிய பிறகு பாதி வாளி அசையாமல் நிற்கணும், முக்கால் வாளி மெதுவாகக் கீழே இறங்கணும். முக்கால் வாளி இறங்காவிட்டால் நீங்கள் வாசல் தாண்டக்கூடாது. கீழ்வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "என்ன, மாடியிலே கிணறு தோண்டிட்டேளா?" என்று கேட்டது ஞாபகமிருக்கிறதா? நீங்கள் மானம் போனதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, "மாமி, எனக்கு எமர்ஜென்சி பிரேக் செக் பண்றாங்க" என்றீர்கள்.

குமிழை நான் வைத்துக் கொடுத்ததும் தவறாமல் ஒரு வசனம் வரும். "இது பத்தாது. மீன் சிரிக்கும். கடல்ல போய் நான் டைட் பண்ணிக்கறேன்." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவீர்கள். திரும்பி வரும்வரை நான் உங்கள் விரல் அந்தக் குமிழைத் திருகுவதையே பார்த்துக்கொண்டிருப்பேன், காய் நறுக்கும்போதும், துணி காயப்போடும்போதும். மதியம் கேட்டில் வண்டி நிற்கும். தொங்கிய முகத்தோடு "மீன் போச்சும்மா" என்பீர்கள். "ஐயோ, போச்சா?" என்று நானும் உச்சுக்கொட்டுவேன். உள்ளே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அப்பாடா என்று, குளிர்ந்த தண்ணீரைத் தலையில் ஊற்றியதுபோல் இருக்கும்.

இத்தனை பயத்தையும் கடல் பக்கம் பார்த்தே செலவழித்திருக்கிறேன். உங்கள் உயிர் போனதோ ஒரு வேலை நாளில், தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில், டிபன் பாக்ஸோடு. என் கடையிலிருந்து நடக்கிற தூரம். அந்தப் படிக்கட்டைப் பார்த்து ஒரு நாளும் நான் பயந்ததில்லை. அதற்கு யார்மேல் கோபப்படுவது என்று இன்னும் தெரியவில்லை, சில நாள் உங்கள்மேலேயே கோபப்படுகிறேன்.

ரீலைத் துண்டில் சுற்றிப் பரணில் போட்டேன். நித்யா எடுத்துவிட்டாள். நாவலூரில் அவளோடு வேலை செய்கிற பையன் ஒருவனும் வருகிறானாம், சேகர்தான் படகாம், எல்லாம் முடிவு பண்ணிவிட்டுத்தான் என்னிடம் சொன்னாள். போன வாரம் கூரியரில் ஒரு சின்ன கவர் வந்தது. கறுப்பாக, நெய்த துணிபோல் ஒரு வட்டத் தகடு.

"பழைய டிராக் தட்டு கண்ணாடியா தேஞ்சு போச்சும்மா, அதான் விட்டு விட்டுப் பிடிக்குது. இது கார்பன். எவ்ளோ இழுத்தாலும் சூடு தாங்கும். முன்னைக்கு டபுள் பிடிக்கும்."

டபுளா! உங்கள் எடையில் பாதிகூட இல்லாத பெண். "வேண்டாம்டி" என்றேன். "அப்ப நீ செட் பண்ணிக் குடு" என்றாள். அந்தக் குரல் உங்களுடையது.

நேற்று இட்லித் தட்டை எடுத்தேன். கழற்றியது நான், மாட்டியது அவள். புதுத் தகட்டில் கிரீஸை மெல்லிசாகப் பூசி, மிச்சத்தை வழித்துவிட்டு, ஒழுங்காகத்தான் செய்தாள். பால்கனிக்குப் போனோம். பாதி வாளி நின்றது. முக்கால் வாளி நின்றது. தளும்பத் தளும்ப ஊற்றினேன், அப்போதும் நின்றது. நூல் விண்ணென்று இருந்தது, அவள் தூண்டிலோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்துவிட்டாள். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் கத்திய கத்தலில் தெரு நாய் குரைத்தது.

மறுபடி பிரித்தோம். இரண்டு வில் வாஷரும் ஒன்றுக்குள் ஒன்றாக, அழகாக, கிண்ணம்போல். நான் அவளைத் திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் பயந்துபோய், "திருப்பி வச்சா சரியாயிடுமாம்மா?" என்றாள். திருப்பி வைத்தோம். நெம்புகோலைப் பின்னால் இழுத்துவிட்டுக் குமிழைத் தளர்த்தினேன், மறுபடி நெம்புகோலைத் தள்ளினேன். முக்கால் வாளி சத்தமே இல்லாமல் கீழே இறங்கிப் போய் மாமியின் துளசிச் செடி பக்கத்தில் உட்கார்ந்தது.

இன்று காலை இங்கே, படகைத் தள்ளும்போது, அந்தப் பையன் ரீலை வாங்கிப் பார்த்து, "ரொம்ப லூஸா இருக்கே, கொஞ்சம் டைட் பண்ணலாமா?" என்று குமிழில் கை வைத்தான். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். சேகர் அவன் கையைத் தட்டிவிட்டார்.

"அத்த தொடாத சார். அண்ணனே தொட மாட்டாரு. எம்மாம் பெரிய மீன் வந்தாலும், 'வூட்ல வச்சி குட்த்துது, அப்டியே இர்க்கட்டும்'னுவாரு."

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு தடவைகூடவா? என்னிடம் அத்தனை ஜம்பம் அடித்துவிட்டு, அங்கே போய் ஒரு தடவைகூடத் தொடவில்லையா? எத்தனை ஞாயிற்றுக்கிழமை நான் வீணாகச் செத்துப் பிழைத்திருக்கிறேன்! இதைச் சொல்லியிருக்கலாம் நீங்கள். சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா என்பது வேறு.

இங்கே நிறுத்தினேன். ஒரு படகு தெரிந்தது.

அதுதான். நித்யா முன்னால் நிற்கிறாள் என்று தெரிவதற்குள் எனக்குக் கண் இருட்டிவிட்டது. படகு மணலில் ஏறும் முன்பே கைகளை விரித்து, தொங்கிய முகத்தோடு கத்தினாள்:

"மீன் போச்சும்மா!"

உச்சுக்கொட்ட வரவில்லை எனக்கு. உங்கள் முகத்துக்கு நேரே ஒருநாளும் சொல்லாததை, கோவளம் முழுக்கக் கேட்கக் கத்தினேன். "போகட்டும்டி! போனாப் போகட்டும்!" சேகர் சிரித்தார். அவள் இறங்கி வந்து, கோபமும் உப்புமாக என்னைக் கட்டிக்கொண்டாள். அடுத்த மாதமும் போவாளாம். அப்போதும் பயப்படுவேன், அது என்னைவிட்டுப் போகாது.

ரீல் இப்போது என் மடியில் இருக்கிறது. வீட்டுக்குப் போய் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். வாஷர் அழுந்தாமலிருக்க நெம்புகோலைப் பின்னால் இழுத்துவிட்டேன். குமிழைத் தொடவில்லை. வீட்டில் வைத்தது, அப்படியே இருக்கட்டும்.