உங்கள் பெயர் வைக்காத புழு

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறாளா? நான் நலம்.

மூன்று வருடமாக நான் ஆராய்ந்த கடற்புழு புதிய இனம் இல்லையாம். அருங்காட்சியகத்தில் நூறு வருடத்துப் பாட்டிலில் அதே புழு கிடந்தது. மைக்ராஸ்கோப்பில் இரண்டு புழுக்களின் முள்மயிர்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். எல்லாம் ஒன்றுதான்.

"விடும்மா. அந்தக் காலத்துல அந்தப் புழுவோட விவரத்தைத் தப்புத்தப்பா எழுதியிருக்காங்க. நீ திருத்தி எழுதிடு," என்றார் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடம்.

சரி என்றேன். அழுகைகூட வரவில்லை. பழைய பெயர்தான் நிற்கும், நான் சொன்னபடி அதற்கு உங்கள் பெயரை வைக்க முடியாது. அக்கம்பக்கத்தில் பெருமையடித்திருந்தால் எப்படியாவது சமாளியுங்கள்.

இனி நான் கூப்பிடும்போது போனைச் சட்டென்று வைத்துவிடாதீர்கள். பேச ஒன்றுமில்லை என்றால் டிவி பக்கத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நான் வீட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மைக்ராஸ்கோப் காலியாகிவிட்டது, என் முறை.

உங்கள் மகள்