தறிச் சத்தத்துக்குள் வளையல்

பிப்ரவரி 3, திங்கள்

நேற்று சுசித்ரா அக்காவுக்கு வளைகாப்பு. இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். புரண்டு படுத்தாலே சத்தம். தெருவே புளிசாதமும் லட்டுமாகக் கொண்டுவந்து கொட்டியது. இன்றும் வந்துகொண்டிருக்கிறது. ஏழு மாசக்காரி நிறையச் சாப்பிட வேண்டும், சாப்பிட்டதும் படுக்க வேண்டும். அம்மா தட்டு வைக்கும் முன்பே தலையணையைப் போட்டுவிடுகிறாள்.

இன்று ஆஸ்பத்திரியில் பார்த்தால், சாப்பிட்ட பிறகு எடுக்கிற சர்க்கரை அதிகமாம். “கர்ப்பத்துல வர்ற சர்க்கரைம்மா. மூணு வாரம் பார்ப்போம். குறையலன்னா இன்சுலின் ஊசி போட்டுக்கணும். இல்லன்னா குழந்தைக்கு நல்லதில்ல” என்றார் டாக்டர். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்ததில் அவள் வளையல் ஒன்று உடைந்தது. முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்திலேயே கலைந்து போய்விட்டது. இதுவும் போய்விட்டால்?

நர்ஸ் சோற்றைக் குறைக்கச் சொன்னார். “சாப்ட்டதும் படுக்காதீங்க. வூட்டுக்குள்ளயே மெதுவா நடங்க, போதும்” என்றார். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? எவ்வளவு நேரம்? கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை. ஒன்பதாவதோடு நின்றவள் என்று என் முகத்திலேயே எழுதியிருக்கிறது போல எப்போதும் ஒரு கூச்சம்.

பிப்ரவரி 4

நடக்கக் கூடாதாம். அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். போன தடவை ஆடிக் கிருத்திகைக்கு அக்கா முருகன் கோயில் மலைப்படி ஏறினாள். அடுத்த வாரமே அப்படி ஆனது. அதிலிருந்து அம்மாவுக்கு நடை என்றாலே பயம்.

பிப்ரவரி 6

அக்கா வீட்டுக்காரர் சுதாகர் பாவா சர்க்கரை பார்க்கிற மிஷின் வாங்கி வந்து தந்துவிட்டுப் போனார். மதியம் சாம்பார் சாதம் சாப்பிட்டு அக்கா படுத்தாள். இரண்டு மணி நேரம் கழித்து நான்தான் அவள் விரலில் குத்தினேன். 162. நூற்றிருபதுக்குள் இருக்க வேண்டுமாம். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிப்ரவரி 7, வெள்ளி



மதியம் நேற்று சாப்பிட்ட அதே அளவுதான். அம்மா பின்கட்டில் சாய்ந்துவிட்டாள். முன்கூடத்தில் இரண்டு விசைத்தறிகளுக்கு நடுவே சின்ன வழி உண்டு. அதில் நடக்கலாம். ஆனால் வளையல்? ஒரு அடி வைத்தாலே காட்டிக்கொடுத்துவிடும். நைனா எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய் தறி சுவிட்சைப் போட்டார்.

“நடங்க. தறி ஓடிகினு இருந்தா உங்கம்மாவுக்கு ஒண்ணும் கேக்காது.”

அந்தத் தடதடப்புக்குள் அக்கா நடந்தாள். நான் பக்கத்திலேயே. கோயில் பிராகாரம் சுற்றுகிற வேகம்தான், வியர்க்கக்கூட இல்லை.

இரண்டு மணி நேரம் கழித்துக் குத்தினேன். 131!

மிஷின் பொய் சொல்கிறதோ என்று இன்னொரு விரலில் குத்தினேன். கிட்டத்தட்ட அதேதான். மருந்து இல்லை, மாத்திரை இல்லை. நடந்தது கால், குறைந்தது ரத்தத்தில். இது எப்படி? தறி ஓடினால்தான் தார்க்குச்சியில் சுற்றிய நூல் இழுபடும், நின்றால் நூல் அப்படியே கிடக்கும். உடம்புக்குள்ளும் அப்படி ஒன்று ஓடுகிறதா? இத்தனை நாள் இந்தக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேனே!

பிப்ரவரி 11

எதிர்வீட்டுத் தாயாரம்மாள் நைனாவை மடக்கினாள். “இன்னா ராஜவேலு, துன்ன கையோட தறி போட்டுடற? பேரனுக்கு இப்பவே அரைஞாண் கொடி சேக்கறியா?” “ஆங், ஆமா. தங்கத்துலயே போடலாம்னு” என்றார் நைனா. உள்ளே அக்காவும் நானும் வாயைப் பொத்திக்கொண்டோம்.

பிப்ரவரி 14

கரண்ட் போய்விட்டது.

இரண்டு தறியும் ஒரே நேரத்தில் நின்றன. அந்த அமைதியில் அக்காவின் வளையல் மட்டும் — கலகலவென்று. நின்று திரும்புவதற்குள் அம்மா பின்கட்டு நிலைப்படியில்.

“இன்னாடி பண்றீங்க? போன தடவை பட்டது போதாதா? ஏங்க, நீங்களும் கூட்டா?”

நைனா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அழ ஆரம்பித்தாள். பேசியது நான். நானா?

“ஊசி வேணாம்னுதான் நடக்கறோம்மா. படுத்தா ஏறுது. நடந்தா இறங்குது. நானே குத்திப் பாத்தேன். பொய் இல்லம்மா.”

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அவ படி ஏறி வருவான்னு நான்தானடி வேண்டிக்கினேன்... நான்தானே அனுப்பினேன்...”

இது எங்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

பிப்ரவரி 15

மதியம் சாப்பாடு முடிந்தது. தலையணை வரவில்லை. அக்கா நடக்க, அம்மா பின்னாலேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தளும்பும் குடத்தை யாரோ தூக்கிப் போவது போல. நைனா சிரிப்பை அடக்கத் தறிப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

இன்று ஆஸ்பத்திரியில் 114. சோற்றைக் குறைத்ததும் நடந்ததும் சேர்ந்துதான் என்றார் டாக்டர். இப்போதைக்கு ஊசி வேண்டாம், ஆனால் விட்டுவிடக் கூடாது.

நான் கேட்டேன். முதலில் கால் விஷயத்தை. நடக்கும்போது கால் சதை ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை எடுத்துச் செலவழிக்குமாம். நான் நினைத்தது கிட்டத்தட்டச் சரி! பிறகு, அம்மா பக்கத்தில் இருக்கும்போதே இன்னொன்றும் கேட்டேன். “போன தடவை படி ஏறினதாலயா போச்சு?”

“இல்லம்மா. படி ஏறறதால எல்லாம் கரு கலையாது. அதுல யார் தப்பும் இல்ல.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரல் 22

பெண் குழந்தை. இருவரும் நலம். அந்தக் குட்டிக் கால் என் விரலை உதைத்தது!

ஜூலை 16, புதன்

அக்காவும் பாப்பாவும் பாவா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. கூடம் வெறிச்சென்று இருக்கிறது. மதியம் சாப்பிட்டுவிட்டுப் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது, தறிகள் நின்றன. முன்கூடத்தில் ஏதோ சின்னச் சத்தம். எட்டிப் பார்த்தேன்.

தறிகளுக்கு நடுவே அம்மா நடந்துகொண்டிருந்தாள், தனியாக, மெதுவாக. சிமெண்டுத் தரையில் அவள் மெட்டிச் சத்தம்.