ஜன்னலுக்குக் கீழே பேட்டரி

பிப்ரவரி 11, செவ்வாய்

நேற்று வீட்டில் இருந்தவர்கள்: என் புருஷன், சாய்வு நாற்காலியில். என் பெரியவன். என் சின்னவன். பெரியவன் பெண்டாட்டி, என் மருமகள். அவள் பெற்ற பெண், என் பேத்தி, உள்ளறையில் பாடம் எழுதிக்கொண்டு. நான், அடுப்படி வாசலில். வேறு யாரும் இல்லை. நாளைக்கு எவராவது ‘நான் அங்கே இல்லவே இல்லை’ என்று சொன்னால் இதை எடுத்து முகத்துக்கு நேரே காட்டுவேன். மறப்பதற்கு இந்த வீட்டில் ஆள் நிறைய உண்டு. நினைவு வைத்துக்கொள்ள நான் ஒருத்திதான்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவேண்டும். மிச்சம் நாளைக்கு.

பிப்ரவரி 12

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சரக்கு வேன் ஒன்று, ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர். காலையில் பெரியவன், மதியத்துக்கு மேல் சின்னவன். ஒரு உறையில் இரண்டு கத்தி. முந்தின நாள் சின்னவன் விளக்கை அணைக்காமல் வண்டியை நிறுத்திவிட்டு வந்து படுத்துவிட்டான். காலையில் வண்டி முனகக்கூட இல்லை. பெரியவனுக்கு வந்த சரக்கு வேறு வண்டிக்குப் போய்விட்டது. பேட்டரியைக் கழற்றிக் கூடத்துக்குத் தூக்கி வந்து சார்ஜரில் போட்டான்.

வாசலில் பிளக் கிடையாது. அதனால் எப்போதும் கூடத்து ஜன்னலுக்குக் கீழேதான் வைப்போம். அப்படி வைக்கச் சொன்னவர் பேட்டரிக் கடைக்காரர். கை கறுத்துப்போனதால் தெருவே அவரைக் கரிக்கை என்றுதான் கூப்பிடும். சார்ஜரைக் கொடுத்த அன்றைக்கே சொன்னார்: “சார்ஜ் ஏறும்போது உள்ளேர்ந்து வாயு கிளம்பும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஜன்னலைத் திறந்தே வைங்க. முதல்ல கிளிப்பை மாட்டணும், அப்புறம் சுவிட்ச். எடுக்கும்போது முதல்ல சுவிட்சை அணைக்கணும், அப்புறம்தான் கிளிப்புல கை. மாத்திச் செஞ்சா பொறி பறக்கும்.” மேலே பட்டால் தண்ணீர், தண்ணீரைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்றும் சொன்னார். எனக்குப் படிப்பு கம்மி. காது கம்மி இல்லை.

மதியம் சின்னவன் எழுந்து வந்து வண்டி தயாரா என்று கேட்டான். கேட்டது அவ்வளவுதான். பெரியவன் அவன் வாயிலேயே குத்தினான். உதடு கிழிந்து ரத்தம் சட்டையெல்லாம். சின்னவன் அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். கடிகாரம் விழுந்து உடைந்தது. விலக்கப் போன எனக்கு விலாவில் ஒரு முழங்கை. யாருடையது என்று தெரியாமல் இல்லை, பெரியவனுடையது.

என் புருஷன் நாற்காலியை விட்டு அசையவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

“ஜன்னல்.”

மருமகள் ஓடிப்போய் இரண்டு கதவையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இந்த வீட்டில் சண்டை என்றால் முதல் வேலை அது. அடி உதை எல்லாம் அதற்குப் பிறகு.

சாத்தின பிறகு இரண்டு பேருக்கும் இன்னும் துணிச்சல் வந்துவிட்டது. இன்னொரு நாற்காலியின் கால் ஒடிந்தது. சார்ஜர் பாட்டுக்கு ‘ம்ம்ம்’ என்று இரைந்துகொண்டிருந்தது. மருமகள் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் சின்னவன் பேட்டரி பக்கம் திரும்பினான். “உனக்கு வண்டிதானேடா உசுரு? இந்தா பாரு” என்று சிவப்புக் கிளிப்பில் கையை வைத்தான். சுவிட்ச் போட்டபடியே இருந்தது. “வேண்டாம் தம்பி” என்று மருமகள் அவன் கையைப் பிடிக்கக் குனிந்தாள். பிடுங்கிவிட்டான்.

நீலமாய் ஒரு பொறி. அப்புறம் சத்தம். பேட்டரியின் மேல்மூடி சில்லுச்சில்லாய்ப் பறந்தது. உள்ளே இருந்த ஆசிட் அவள் முகத்தில்.

அவள் கத்தவில்லை. கண்ணைப் பொத்தவேண்டியவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் வெளியே போகக்கூடாதாம்.

நான் அவள் கொண்டையைப் பிடித்துப் பின்பக்கக் குழாய்க்கு இழுத்துக்கொண்டு போனேன். இழுத்ததில் முடி கையோடு வந்தது. வரட்டும். “கண்ணைத் தொறடி” என்று விரலால் இமையைப் பிரித்துத் தண்ணீரில் பிடித்தேன். திமிறினாள், கடித்தாள். விடவில்லை. பெரியவன் எண்ணெய்ப் புட்டியோடு ஓடி வந்தான். பிடுங்கிச் சுவரில் அடித்தேன். அப்பனைப் போலவே பிள்ளை, செய்யவேண்டியதைத் தவிர எல்லாம் தெரியும்.

பிப்ரவரி 14

ஆஸ்பத்திரி. பெரியவன் டாக்டரிடம் தானாக வெடித்துவிட்டது என்றான். சின்னவன் கையில் கட்டு, வாயில் தையல், தலையை மட்டும் ஆட்டினான். இடது கண்ணைக் காப்பாற்றியது தண்ணீர்தானாம். வலது கண்ணைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் எனக்குப் புரியாதா?

இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு கண்ணிலும் கட்டு. என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “நான்தானே அத்தை ஜன்னலைச் சாத்தினேன். என் தப்புதான்.”

உனக்கு அந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டேன்.

“மாமாதான். கல்யாணமாகி வந்த புதுசுல. இந்த வீட்டுச் சத்தம் தெருவுக்குப் போகக்கூடாதும்மான்னார். தன்மையாத்தான் சொன்னார்.”

என்னிடமும் தன்மையாகத்தான் சொன்னார். அதே கூடம், அதே ஜன்னல். தாழ்ப்பாள் போட்டு முடித்த பிறகு இரும்புக் கரண்டியை எடுத்தார். என் இடது கை இன்றைக்கும் கோணல். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஊருக்குச் சொன்னார். ஊர் நம்பியது. எப்படி நம்பாது? ஒரு முனகல்கூட யார் காதிலும் விழவில்லையே. அப்போது இரண்டு பையன்களும் கட்டிலுக்கு அடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்ததுதான் படிப்பு.

பிப்ரவரி 15

சின்னவன் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறான். உள்ளே கூப்பிடவில்லை. சாப்பாடும் வைக்கவில்லை.

பிப்ரவரி 17

இன்றைக்குத்தான் ஆத்திரம் வெளியே வந்தது.

கரிக்கை வந்தார். உடைந்த பேட்டரியைக் கையுறை போட்டுக்கொண்டு புரட்டிப் பார்த்தார். ஜன்னல் திறந்து இருந்ததா என்று கேட்டார்.

 என் புருஷன்தான் பதில் சொன்னார். “தொறந்துதான் இருந்துச்சு. இவ மருமக என்னத்தையாவது நோண்டியிருப்பா. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?”

கண் போனவள் தலையிலேயே பழியைத் தூக்கி வைக்கிறார்.

“சாத்தியிருந்துச்சு,” என்றேன். “சாத்தச் சொன்னது இவர்.”

வெளி ஆள் முன்னால் நான் அவரை எதிர்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை. ஊன்றுகோலை ஓங்கித் தோளில் ஒன்று வைத்தார். இந்த வயதிலும் குறி தப்பவில்லை. வாசலில் இருந்த சின்னவன் பாய்ந்து வந்து கோலைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தான். பெரியவன் என்ன செய்தான்? எழுந்து நேராக ஜன்னலுக்குப் போனான். சாத்துவதற்கு. யோசித்துப் போகவில்லை, கை தானாகப் போனது.

அதைப் பார்த்ததும் எனக்குக் கண் மண் தெரியவில்லை. வேனுக்குப் போய் ஜாக்கிக் கம்பியை எடுத்து வந்தேன். “தள்ளுடா” என்றேன். தள்ளினான். ஓங்கி அடித்தேன். ஒரு கண்ணாடி உடைந்து தெருவில் விழுந்தது. போகிறவர்கள் நின்றுவிட்டார்கள். மறுபடி ஓங்கினேன். கரிக்கைதான் அமைதியாகச் சொன்னார்: “கீல்ல அடிங்கம்மா. கதவுல அடிச்சா கண்ணாடி தெறிக்கும், இன்னொரு கண்ணு போயிரும்.”

கீலில் அடித்தேன். இரண்டு கதவையும் பிடுங்கி வாசலில் எறிந்தேன். தோள் வலி அப்போது தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

பிப்ரவரி 18

கரிக்கையையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், நடந்ததை டாக்டரிடம் நானே சொன்னேன். தானாக வெடித்தது என்று சீட்டில் எழுதியிருந்ததைப் பேனாவால் அடிக்கச் சொன்னேன். அடித்தார்.

பிப்ரவரி 20

மழை உள்ளே அடித்தது. கூடம் நனைந்தது. நனையட்டும்.

மார்ச் 2

மருமகள் நேற்று வீட்டுக்கு வந்தாள். வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம். பேத்தி அவள் இடது பக்கமாகவே, கண் தெரிகிற பக்கமாகவே நடக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்றைக்குச் சின்னவன் புதுப் பேட்டரியை ஜன்னலுக்குக் கீழே வைத்தான். கிளிப்பை மாட்டினான், சுவிட்சைப் போட்டான். எடுக்க வந்தபோது கை நேராகக் கிளிப்புக்குப் போனது. அடுப்படியில் இருந்து மருமகள் குரல் கொடுத்தாள், கத்தாமல்: “தம்பி, சுவிட்ச்.” அவன் போய் அணைத்துவிட்டு அங்கேயே சுவரைப் பார்த்து நின்றான். தோள் குலுங்கியது. பிறகு வந்து கழற்றினான். அவனுக்குச் சாப்பாடு வைத்தேன்.

சாயங்காலம் வண்டிச் சாவியைக் காணோம் என்று பெரியவன் தன் பெண்டாட்டி மேல் குரலை உயர்த்தினான். நாற்காலியில் இருந்து அதே வார்த்தை: “ஜன்னல்.”

யாரும் எழுந்திருக்கவில்லை. சாத்துவதற்குக் கதவு இல்லை. எதிர்வீட்டுக்காரி வாளியோடு நின்று நேராக எங்கள் கூடத்தைப் பார்த்தாள். பெரியவன் அவளைப் பார்த்தான், குரலை இறக்கினான். சாவி அவன் சட்டைப்பையிலேயே இருந்தது.

சின்னவனை மன்னித்துவிட்டேன், சாப்பாடு போடும் அளவுக்கு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. பெரியவனை மன்னிப்பதும் விடுவதும் அவன் பெண்டாட்டி பாடு. ஆனால் பெற்ற பிள்ளை வாயில் ரத்தம் வழிவதைப் பார்த்துக்கொண்டே, உட்கார்ந்த இடத்தில் இருந்து ஜன்னலை மட்டும் நினைத்தவன் ஒருத்தன் இருக்கிறான். இன்றைக்கும் அவனுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது நான்தான். நாளைக்கும் கொடுப்பேன். மன்னிக்க மட்டும் மாட்டேன்.

என் புருஷனை.