காரணம் தெரியாத நடைகள்

மார்ச் 3, திங்கள்

புது வீட்டின் சமையலறைக்கென்றே ஒரு நோட்டு. கூரை போட்டாயிற்று, உள் சுவர்கள்தான் பாக்கி. பதற்றத்தில் எதையாவது விட்டுவிடுவேன், அதனால் முதலில் வரிசை:

1. மேடையின் உயரம்: அவள் முழங்கையை அளந்து முடிவு செய்யவேண்டும்.
2. ஜன்னல், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே.
3. அவளுடைய வீண் நடையை ஒழிக்கவேண்டும்.
4. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே முழுச் சுவர். என் தொந்தரவு இல்லாமல் நிம்மதியாக இருக்கட்டும்.

முப்பத்தொன்பது வருடத்தில் ஒன்பது வாடகை வீடுகள். ஒன்பதிலும் மேடை வேறு யாருக்கோ அளவெடுத்துக் கட்டியது. முதுகுவலி மட்டும் என் மனைவியுடையது. இந்த ஒரு சமையலறையையாவது அவளுக்குப் பொருந்தும்படி அமைக்காவிட்டால் நான் இயற்பியல் படித்து என்ன, பாடம் நடத்தி என்ன?

அவளையே கேட்டுவிடலாமே? கேட்டேன். “உங்களுக்கு எது சரின்னு படுதோ, அதான்” என்றாள். இந்தப் பதிலுக்குத்தான் எனக்குப் பயம்.

மார்ச் 5, புதன்

அடுப்படியில் நின்றவளின் பின்னால் டேப்போடு போனேன். “இந்த வயசுல டைலர் கடை வெக்கப் போறீங்களா?” என்றாள். தரையிலிருந்து முழங்கை முப்பத்தெட்டு அங்குலம். ஐந்து கழித்தால் மேடை முப்பத்து மூன்று. செருப்பு போட்டிருந்தாளா என்று பார்க்க மறந்துவிட்டேன். மறுபடி அளக்கவேண்டும்.

மார்ச் 6, வியாழன்

செருப்பு இல்லை. முப்பத்து மூன்றுதான்.

மார்ச் 7, வெள்ளி

காலை ஆறு முதல் ஒன்பது வரை கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு, அதற்குள் நோட்டை ஒளித்து, அவள் நடையை எண்ணினேன். இடையிடையே, சந்தேகம் வராமல் இருக்க, ஏதாவது பேச்சும் கொடுத்துக்கொண்டேன்.

அடுப்பிலிருந்து தொட்டிக்கு நாற்பத்தாறு தடவை. அடுப்பிலிருந்து ஃபிரிட்ஜுக்குப் பத்தொன்பது. அடுப்பிலிருந்து கூடத்து வாசற்படிவரை, கையில் ஒன்றுமில்லாமல், இருபத்தேழு!

கடைசிக் கணக்குக்கு எதிரே “காரணம் தெரியவில்லை” என்று எழுதியிருக்கிறேன். ஆய்வகத்தில் ஒரு மாணவன் இப்படி எழுதிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

மார்ச் 8, சனி

மேஸ்திரி நடுச்சுவரைத் தொடங்கிவிட்டார். நான் கொடுத்த படத்தின்படியே. நிம்மதி.

மார்ச் 9, ஞாயிறு

வெயில் ஏறுமுன் மொட்டை மாடியில் சமையலறையை முழு அளவில் சாக்கட்டியால் வரைந்தேன். சுவர், மேடை, தொட்டி எல்லாம். நிஜமாகச் சமைப்பதுபோல் நடந்து பார் என்றேன்.

“என்ன சமைக்கட்டும்?”

“எதையாவது.”

“எதையாவதுன்னா உப்பு உறைப்பு பாத்துச் சாப்பிடக் கூடாது.”

குஷியாகத்தான் செய்தாள். இல்லாத அடுப்பைப் பற்றவைத்தாள். இல்லாத வெங்காயத்தை அரிந்து கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். நான் சாக்கட்டிக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நானும் கலந்துகொள்வோமே என்று, “பால் பொங்குது பாரு” என்றேன்.

அவள் அடுப்பை விட்டுவிட்டு நேராகச் சுவரின்மேல் நடந்து வந்து என் முன்னால் நின்றாள். “என்ன சொன்னீங்க?”

“சுவர்! சுவருக்குள்ள நடந்து வர்றே!”

“வந்தா என்ன, மண்டையா ஒடஞ்சுது? என்ன சொன்னீங்க, அதச் சொல்லுங்க.”

மூன்று தடவை இப்படியே. மூன்றாவது தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு! “அங்கேருந்தே கேட்டுக்கக் கூடாதா?” என்றேன்.

அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, பாதத்தில் ஒட்டிய சாக்கட்டிப் பொடியைத் தட்டிவிட்டாள்.

“கேக்கலீங்க. ரெண்டு வருஷமாவே அப்படித்தான். மொகத்தப் பாத்தாத்தான் நீங்க பேசறது புரியுது. உங்களுதும் ஒரு கொரலா? கடைசி பெஞ்சுப் பசங்க காலம் பூரா தூங்கினது சும்மாவா?”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஏன் சொல்லல?”

“சொன்னா நோட்டு போடுவீங்க.”

இருபத்தேழு தடவை. ஒவ்வொரு தடவையும் நான் ஏதோ முணுமுணுத்திருக்கிறேன் — அதைத் தெரிந்துகொள்ள என் முகத்தைத் தேடி வந்திருக்கிறாள். நான் அதன் குறுக்கே செங்கல் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறேன், அவள் நிம்மதிக்காம்! என்ன மனுஷன் நான்? கூடவே இருந்து ரெண்டு வருஷமாத் தெரியலையே.

நான்காவது குறிப்பை அடித்துவிட்டேன். ஆனால் மேஸ்திரியிடம் சொல்லவேண்டுமே. கட்டியதை இடிக்கச் சொன்னால் என்ன சொல்வாரோ!

மார்ச் 10, திங்கள்

சொல்லவேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். சுவர் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டது. மேஸ்திரி அதில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தாளைப் பார்த்துச் சொன்னேன்.

“என்ன சார்? வாய்க்குள்ளயே பேசறீங்களே.”

இவருமா?

“இடிக்கணும்! இடுப்பளவுக்கு இடிக்கணும்! அடுப்பு கூடத்தப் பாத்த மாதிரி வரணும்!”

மணல் சலித்துக்கொண்டிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். மேஸ்திரி கிளாஸைக் கீழே வைத்தார்.

“அட, அதுக்கு ஏன் சார் இப்படிக் கத்தறீங்க? பாரம் தாங்குற சுவர் இல்ல, இடிச்சா ஆச்சு. ஆனா தாளிச்சா நெடி கூடத்துக்குத்தான் வரும். அப்புறம் என்னைச் சொல்லப்படாது.”

“வரட்டும்” என்றேன். நானா சொன்னேன்? நான்தான்.

மார்ச் 11, செவ்வாய்

இடித்தாயிற்று. இரண்டு நாள் கட்டியது, அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

மார்ச் 20, வியாழன்

காது டாக்டரிடம் போய்வந்தோம். வலது காதுக்குக் கருவி. வெளியே வந்ததும், “ரோட்டுல இவ்வளவு சத்தமா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன்பின், “சரி, இப்போ ஏதாவது பேசுங்க” என்றாள். “முப்பத்து மூன்று அங்குலம்” என்றேன். ஒரு தடவையிலேயே கேட்டுவிட்டதாம்.

ஜூன் 15, ஞாயிறு

புது வீட்டில் எட்டாவது நாள். மேடை உயரம் சரி. தொட்டிக்கு மேல் ஜன்னலும் சரி. மேஸ்திரி சொன்னதும் சரி, தாளித்தால் கூடத்தில் நான் தும்முகிறேன்.

காலையில் மறுபடி எண்ணினேன், இம்முறை ஒளிக்காமல். தொட்டிக்கு இரண்டே எட்டு வைத்தால் போதும், ஃபிரிட்ஜுக்கு மூன்று. அடுப்பிலிருந்து பார்த்தால் என் முகம் தெரிகிறது. ஒன்பதடி தூரம். காதில் கருவியும் இருக்கிறது. நான் வாயே திறக்கவில்லை.

ஆனாலும் கையில் ஒன்றுமில்லாமல் பதினேழு தடவை வந்தாள். அரைச்சுவரைச் சுற்றிக்கொண்டு வருவாள், பேப்பரின் மேல் விளிம்பை ஒரு விரலால் தாழ்த்துவாள், பார்ப்பாள், போய்விடுவாள்.

“எதுக்கு வந்தே?”

“ஒண்ணுமில்ல. சும்மாதான்.”

பதினெட்டாவது தடவை அவள் அடுப்பைத் தணித்துவிட்டுக் கிளம்பியதைப் பார்த்ததும், பேப்பரை நானே மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது குறிப்பில் அவள் நடையை “வீண்” என்று எழுதியது தவறு.