அல்லிக்குப் பின்னால் ஒரு பச்சைத் திட்டு

அக்டோபர் 6, செவ்வாய்

கடை திறக்குமுன் பூங்காவுக்குப் போய் வந்தேன். குளத்தின் உடைந்த கரையில் வயிறு பதியப் படுத்தால் வெள்ளை அல்லி கண்ணுக்கு நேராக வருகிறது. நின்று பார்த்தால் அது வெறும் பூ. இந்த இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். பூங்கா நண்பர்கள் சங்க நாள்காட்டிக்கு இந்த முறை அட்டைப் படம் என்னுடையதுதான்.

ஒரு படம் வீண். பூவுக்குப் பின்னால் மங்கலாக ஒரு பச்சைத் திட்டு. அழித்துவிட்டேன்.

அக்டோபர் 8, வியாழன்

பூங்கா வாசல் பலகையில் ‘இந்த வாரப் படம்’. எடுத்தவர் எங்கள் சங்கத்துப் பல் டாக்டர். என் அல்லி! என் கரை, என் கோணம். மேலே உட்கார்ந்திருக்கும் தட்டான் மட்டும் அவருடையது.

சட்டை மடிப்புக் கலையாத மனிதர். அவராகவா புல்லில் படுத்திருப்பார்? யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் இந்த இடத்தைப் பற்றிச் சொன்னது ஒரே ஒருவரிடம். சாப்பிடும்போது, வீட்டில்.

அக்டோபர் 9, வெள்ளி

“உங்களுக்குச் சந்தேகப் புத்தி” என்பாள் இவள். இருக்கட்டும். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் சந்தேகப்படாவிட்டால் பாதி ஊர் முட்டிக்கொண்டுதான் நடக்கும். ‘நல்லா தெரியுது’ என்பவர்களில் பலர் எழுத்துப் பலகையை மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்கள்.

போன மாதம் அந்த டாக்டரிடம்தான் இவள் பல் அடைத்துக்கொண்டாள். மரத்துப்போன வாயோடு சிரித்துக்கொண்டே வந்தாள். பல் டாக்டரிடம் போனவர்கள் சிரித்துக்கொண்டா வருவார்கள்?

அக்டோபர் 11, ஞாயிறு

பழைய படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். செம்பருத்திக்குப் பின்னால் பச்சைத் திட்டு. சிலந்தி வலைக்குப் பின்னால் பச்சைத் திட்டு. ஒரு மாதமாகவே இருக்கிறது.

பூ மட்டும் துலங்க வேண்டும், பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துவிட வேண்டும். அதுதான் என் பாணி. சங்கத்தில் அதற்கென்றே எனக்குப் பெயர் உண்டு. அதனால் முகம் தெரியவில்லை. ஆனால் பச்சையின் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை ஓடுகிறது. அந்தக் குடையை எனக்குத் தெரியும். லென்ஸ் கம்பெனிக்காரர் கடைக்குக் கொடுத்தது. எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

அக்டோபர் 12, திங்கள்

பூங்காவிலிருந்து தூறலில் வீடு திரும்பினேன். இவள் சமையலறையில், ஒன்றும் அறியாதவள்போல.

குடையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

அக்டோபர் 13, செவ்வாய்

வேலையே ஓடவில்லை. ஒருவருக்கு வலக்கண் லென்ஸை இடப்பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன்.

இவளா? இத்தனை வருடம் என் உப்பைத் தின்றுவிட்டு — சே, சமைத்துப் போட்டவள் அவள், உப்பைத் தின்றவன் நான். ஆனாலும் அந்த டாக்டரும் இவளும் என் குளக்கரையில்... யார்கிட்ட போய்ச் சொல்றது?

அக்டோபர் 14, புதன்

பொறி வைத்தாயிற்று. “நாளைக்குக் குளம் இல்ல, மூங்கில் பக்கம் போறேன்” என்று இவளிடம் மட்டும் சொன்னேன். “சரி” என்றாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே சரியில்லை.

அக்டோபர் 15, வியாழன்

மூங்கிலடியில் பூவே இல்லை. இருப்பதுபோல் குனிந்தேன். லென்ஸின் துவாரத்தை முழுக்கச் சுருக்கியிருந்தேன். அப்படிச் செய்தால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே தெளிவாக விழும்.

படத்தில் சிமென்ட் பெஞ்சு. பச்சைக் குடை. குடைக்குக் கீழே என் மனைவி. பக்கத்தில் யாரும் இல்லை. என்னையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்க முடியாதவர்கள் கண்ணைச் சுருக்குவார்களே, அப்படி.

மாலை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். படத்தைக் காட்டினேன்.

“நீங்க யாரைப் பாக்கப் போறீங்கன்னு பாக்க வந்தேன்” என்றாள். மழுப்பவில்லை.

“பூவைத்தானே பாத்தேன்?”

“அது மொத நாளே தெரிஞ்சுபோச்சு.”

“அப்புறம் எதுக்கு தினம் வந்தே?”

மடித்த சட்டையைப் பிரித்துத் திரும்ப மடித்தாள். “ஒரு பொம்பளையா இருந்தா ரெண்டுல ஒண்ணு பாத்திருப்பேன். பூவோட நான் எப்படிச் சண்டை போடுறது? அது முன்னாடி மண்ணுல விழுந்து, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு... என் முகத்தை என்னிக்காவது அப்படிப் பாத்திருக்கீங்களா?”

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “அப்போ பல் டாக்டர்?” என்று கேட்டுவிட்டேன்.

“என்ன பல் டாக்டர்?”

சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்டோபர் 16, வெள்ளி

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்டோபர் 19, திங்கள்

டாக்டர் கண்ணாடிக் கால் உடைந்ததென்று கடைக்கு வந்தார். அல்லிக் கோணம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேவிட்டேன். “கரையில புல்லு ஆள் நீளத்துக்குப் படிஞ்சு கிடந்துச்சு சார். யாரோ நல்ல இடமாப் பாத்துப் படுத்திருக்காங்கன்னு நானும் படுத்தேன். சட்டைதான் போச்சு.”

என் வயிறே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. சிரிப்பு வந்தது. வீட்டில் போய்ச் சொல்லிச் சிரிக்க ஆளில்லை, இருக்கிறாள், பேசுவதில்லை.

அக்டோபர் 25, ஞாயிறு

விழித்தபோது குடை இல்லை. செருப்பு இல்லை. கேமராவும் இல்லை.

வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். குளக்கரையில் அவள் முழங்கால் மண்ணில் பதியக் குனிந்திருந்தாள். குடை பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. சுற்றிப் போய் எதிர்க்கரை மரத்தடியில் நின்றேன். அல்லியைத் தவிர எதையும் அவள் பார்க்கவில்லை. ஒரு தடவைகூட நிமிரவில்லை. வலித்தது.

நாள்காட்டிக்குப் படம் கொடுக்கும் தேதி நேற்றோடு முடிந்துவிட்டதாம். திரும்பும்போது பூங்கா வாசலில் டாக்டர் சொல்லித்தான் நினைவு வந்தது.

மாலையில் அவளாகவே கேமராவை நீட்டினாள். எல்லாம் அல்லி. பாதிக்கு மேல் கோணல். எல்லாவற்றிலும் பூவுக்குப் பின்னால் கரைந்துபோய் வெள்ளையாக ஒரு திட்டு.

“பின்னாடி ஏதோ நிக்குது. அழிச்சிடவா?” என்று கேட்டாள்.

“இருக்கட்டும்” என்றேன்.